கரப்பானைத் தூக்கில் போடும் முன்

மருத்துவமனைகளில் வைரஸைப் பரப்புவது கரப்பானும் ஈயும்தான், மாதந்தோறும் எல்லா வார்டுகளிலும் பூச்சிமருந்து அடித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று அடித்துச் சொல்கிறார் ஒரு கட்டுரையாளர். அவர் முதலில் நீட்டும் சான்று: பூச்சியின் காலில் கிருமி இருந்தது.

இருக்கத்தான் செய்யும். சாக்கடையிலிருந்து ஏறி வரும் ஜந்துவின் காலில் சந்தனமா மணக்கும்? பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் ஃபேரோ எறும்புகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதை ‘லான்செட்’ 1972இலேயே வெளியிட்டது. ஆனால் அதில் சொல்லப்பட்டவை பாக்டீரியா. ஈரமும் எச்சிலும் கிடைத்தால் பாக்டீரியா பெருகும். வைரஸ் உயிருள்ள செல்லுக்கு வெளியே பெருகாது. காலில் ஒட்டியது நேரம் ஆக ஆகக் குறையும். டெங்கு வைரஸ் ஏடிஸ் கொசுவின் உடலுக்குள் பெருகி, எச்சில் சுரப்பி வரை வந்து, கடிக்கும்போது இறங்குகிறது. கரப்பானுக்கு அந்தத் திறமை உண்டென்று கட்டுரையாளர் எங்கே காட்டினார்? கொசுவையும் கரப்பானையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்ததோடு சரி.

இந்த வாதம் புதிதுமல்ல. 1941இல் ஆல்பர்ட் சேபினும் ராபர்ட் வார்டும் அமெரிக்காவில் போலியோ பரவிய இடங்களில் பிடித்த ஈக்களில் அந்த வைரஸைக் கண்டார்கள். கிடைத்தான் குற்றவாளி! 1945இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்ட் நகரில் போலியோ பரவியபோது டிடிடி தெளித்துப் பார்த்தார்கள். நோயின் போக்கு மாறியதற்கு அடையாளமே தெரியவில்லை. போலியோவை அடக்கியது 1955இல் வந்த ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி.

கட்டுரையாளரின் துருப்புச்சீட்டு, 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் தொற்றிய சம்பவம். கரப்பான் கழிவைச் சுமந்திருக்கலாம் என்று அங்கே அதிகாரிகள் அப்போது பேசியது உண்மை. அந்தப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, விசாரணையின் மீதியை விட்டுவிட்டார். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த ஒரு நோயாளி, வயிற்றுப்போக்கோடு ‘இ’ பிளாக்கில் இருந்த தம் சகோதரர் வீட்டுக்கு வந்தார், கழிப்பறையைப் பயன்படுத்தினார். பல வீடுகளில் குளியலறைத் தரை வடிகாலின் யூ வளைவில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் கழிவுக்குழாயின் காற்று, வைரஸ் கலந்த நுண்துளிகளோடு வீட்டுக்குள் வந்தது. முதன்மைச் சந்தேகம் விழுந்தது அந்தக் காய்ந்த வளைவுகள் மேல்தான்.

அந்த மருத்துவமனைக்குள் நடந்ததோ இன்னும் தெளிவு. 8ஏ வார்டின் முதல் நோயாளிக்கு நெபுலைசர் வைத்தார்கள். அதுவும் பரவலுக்குத் துணைபோயிருக்கும் என்று அங்கிருந்த மருத்துவர்களே எழுதினார்கள். அவர்கள் கணக்கில் வந்த 138 சார்ஸ் நோயாளிகளில் 69 பேர் மருத்துவப் பணியாளர்கள், 16 பேர் மருத்துவ மாணவர்கள். நோயாளிக்கு மிக அருகில் நின்றவர்களை மட்டும் தேடிப்பிடித்துத் தொற்ற வைக்கும் கரப்பான் எந்த இனம்?

பூச்சிமேல் பழி போடுவதில் நிர்வாகத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. கரப்பான் மறுப்பறிக்கை விடாது. காற்றோட்டம் ஏன் இல்லை, இரண்டு கட்டிலுக்கு நடுவே ஏன் இடமில்லை, கை கழுவும் இடத்தில் ஏன் சோப்பு இல்லை என்ற கேள்விகளெல்லாம் மருந்துப் புகையில் மறைந்துபோகும். மூச்சுத்திணறலோடு படுத்திருப்பவர் அருகே அந்தப் புகையை அடிக்கச் சொல்வதற்கு வைத்தியம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கரப்பான் வார்டில் இருக்கட்டும் என்று யாரும் வாதாடவில்லை. சோற்றுப் பருக்கையை உடனே அள்ளுங்கள், விரிசலை அடைத்துவிடுங்கள், ஜெல் மருந்து வையுங்கள். அதெல்லாம் சுத்தத்துக்கான வேலை, செய்தே ஆக வேண்டும். வைரஸுக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் சோப்பும் முகக்கவசமும் வாங்குங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பயன்படுத்தாத குளியலறை வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். பூச்சிமருந்துக்கான டெண்டரை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.