மூலம்தான் என்று யார் சொன்னது?

மூட்டை வந்து இறங்கினால் குத்தூசி போட்டு நாலு மணி கையில் எடுத்துப் பார்க்காமல் நாம் சரக்கை ஏற்பதில்லை. தராசுக்கும் படிக்கல்லுக்கும் காலம் தவறாமல் முத்திரை வாங்குகிறோம். ஆனால் மலத்தில் ரத்தம் போனால் மட்டும் எந்தச் சோதனையும் இல்லாமல், "மூலம்தான், உடம்புச் சூடு" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

மணவூரில் அரிசிக் கடை வைத்திருக்கும் நம் நண்பர் ஒருவர் இப்படியே இரண்டு வருடம் கடத்தினார். மோர் குடித்தார். மின்சார ரயிலில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்து லேகியம் வாங்கிச் சாப்பிட்டார். வீட்டில் சொன்னபோது, "ஆடிக் கிருத்திகை வியாபாரம் முடியட்டும்" என்றார். பிறகு தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. எடை குறைந்து, மூட்டை தூக்கினால் மூச்சு வாங்கிய பிறகுதான் மகன் பிடிவாதமாக அழைத்துப் போனார். பெருங்குடலில் புற்றுநோய். அறுவை முடிந்து இப்போது கல்லாவில் உட்காருகிறார். "முதல் வருடமே வந்திருந்தால் வயிற்றில் பை கட்டும் நிலை வந்திராது என்று டாக்டர் சொன்னார். பெயர் போடாமல் எழுதுங்கள்" என்று சொன்னவரும் அவரே.

ரத்தம் போவதெல்லாம் புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் மூலமாகவே இருக்கும். ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்லவேண்டும். வாரக்கணக்கில் மலம் கழிக்கும் வழக்கம் மாறுவது, காரணமில்லாமல் இளைப்பது, ரத்தசோகை ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாறப் பத்து வருடம் போல எடுத்துக்கொள்கிறது. அதற்குள் கொலனோஸ்கோபியில் கண்டால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். வருமுன் தடுக்க இத்தனை அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு.

ஜப்பானில் 1992 முதல் 40 வயது கடந்தவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் சோதனை தேசியத் திட்டமாக நடக்கிறது. நம் நாட்டில் 2016-இல் வந்த பரிசோதனை வழிகாட்டியில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் மட்டுமே உள்ளன. மேல்நாடுகளைவிட இங்கே குடல் புற்றுநோய் குறைவு என்பதால் அதில் நியாயம் உண்டு. எல்லோரும் நாளையே குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. அறிகுறி உள்ளவர்களும், அப்பா, அம்மா, உடன்பிறந்தோருக்கு இந்நோய் வந்திருப்பவர்களும் காத்திருக்கக்கூடாது என்கிறோம்.

காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து, கல்லாவை விட்டு எழ முடியாமல் மலத்தை அடக்கி உட்காரும் நமக்கு, அந்தப் பேச்சே வெட்கமாக இருக்கிறது. சர்க்கரை எவ்வளவு என்று டீக்கடையில் சத்தமாகச் சொல்கிறோம்; இதை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. (பீடிக்கட்டை விற்பவர்களும் நாம்தான், புகைக்கு இந்நோயிலும் பங்கு உண்டு. கம்பும் கேழ்வரகும் நம் கடையிலேயே இருக்கின்றன. நம் வீட்டுச் சமையலறைக்குத்தான் போவதில்லை.)

செலவைச் சொல்லித் தள்ளிப்போடவும் வேண்டாம். இங்கே ரயில் ஏறினால் சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குத் தகுதியுள்ளவர்கள் அதையும் கையோடு கொண்டுபோகலாம்.

சங்கம் நடத்தும் முகாமில் கண்ணும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அடுத்த முகாமில் மலப் பரிசோதனையையும் சேர்க்கவேண்டும். தனி அறையும், பெண்களுக்குப் பெண் மருத்துவரும் வேண்டும். மே 5 வணிகர் தினத்தன்று எப்படியும் கடை அடைப்புதான்; அன்று வைத்தால் யாரும் வியாபாரத்தைக் காரணம் சொல்ல முடியாது. பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொள்ளும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.