என் எண்ணெய் மருந்து இல்லை

போன மாசம் ஒரு ராத்திரி சென்னையிலிருந்து போன். ஒரு வருஷமா என்கிட்ட மல்லாட்டை எண்ணெய் வாங்குற தம்பி. (எங்க விழுப்புரம் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டைன்னுதான் பேர்.) "அண்ணா, உங்க எண்ணெய்க்கு மாறி ஒரு வருஷம் ஆச்சு. சோரியாசிஸ் குறையவே இல்லை. இப்ப விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கு"ன்னார். டாக்டர் கொடுத்த மாத்திரை என்னாச்சுன்னு கேட்டேன். "நிறுத்திட்டேண்ணா. நீங்கதானே அனுப்பியிருந்தீங்க?"

ஆமாம், நான்தான் அனுப்பியிருந்தேன். 'செக்கு எண்ணெய்க்கு மாறுங்க, தோல் நோய் ஓடிப்போகும்'னு ஒரு வாட்ஸப் செய்தி. எழுதினது எவனோ. ஆனா அதுக்குக் கீழே என் நம்பரைப் போட்டு எல்லா வாடிக்கையாளருக்கும் தட்டிவிட்டது நான். அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை. அதனாலதான் இந்தப் பதிவு. என்னை மட்டும் இல்லை, என்னை மாதிரி எண்ணெய் விக்கிறவங்களையும், கண்ணை மூடிக்கிட்டு வாங்குற உங்களையும் சேர்த்தே திட்டப்போறேன்.

முதல்ல ஒரு விஷயம். கிராமத்துல தோல் நோயே கிடையாதுன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது? எங்க பெரியப்பாவுக்கு முழங்கை, முழங்கால், தலை எல்லாம் வெள்ளை வெள்ளையா செதில் உதிரும். சித்திரை வெயில்லயும் முழுக்கை சட்டைதான். குஷ்டம்னு நினைச்சு டீக்கடையில தனி கிளாஸ் வச்சாங்க. கல்யாண வீட்டுப் பந்தியில கடைசி இலைக்கு அவரே போய் உட்கார்ந்துக்குவார். சித்த வைத்தியத்துல காளாஞ்சகப்படைன்னு சொல்ற அதே நோய்தான், சோரியாசிஸ். அவர் சாப்பிட்டது என்ன எண்ணெய்? எங்க நிலத்து மல்லாட்டையை, மாடு சுத்துற செக்குல ஆட்டின எண்ணெய். ரேஷன் கடையில பாமாயில் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. பாக்கெட் எண்ணெயை அவர் கண்ணால பார்த்ததில்லை. செக்கு எண்ணெய் இந்த நோயைத் தடுக்கும்னா, அவருக்கு எப்படி வந்தது?

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி தன் தோலையே எதிரியா நினைச்சுத் தாக்குறதுதான் சோரியாசிஸ். ஒரு மாசம் எடுத்து வளர வேண்டிய தோல் செல்லு, சில நாள்லயே வளர்ந்து மேலே வந்து செதிலா உதிருது. பரம்பரையும் இதுல பெரிய பங்கு. கடாயில என்ன எண்ணெய் ஊத்துறோம்கிறதால மட்டும் வர்றதும் இல்லை, போறதும் இல்லை.

"ரீஃபைண்ட் எண்ணெய்ல ஒமேகா 6 அதிகம், அதான் அழற்சி"ன்னு எங்க ஆளுங்க வீடியோ போடுறாங்க. சொல்றவர் கையில என்ன இருக்கும்? நல்லெண்ணெய் பாட்டில்! நல்லெண்ணெய்ல நூத்துக்கு 40 பங்கு ஒமேகா 6. நம்ம மல்லாட்டை எண்ணெய்ல 30 பங்கு வாக்குல இருக்கு. செக்குல ஆட்டினாலும் மில்லுல சுத்திகரிச்சாலும் அந்தக் கணக்கு பெருசா மாறாது. மாறுறது வாசனை, நிறம், கொஞ்சம் சத்து. ஒமேகா 6 விஷம்னா நானும் விஷம்தான் விக்கிறேன்.

அது விஷம் இல்லை. 1929-ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர்னு ஒரு கணவன் மனைவி, எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டுப் பார்த்தாங்க. எலிகளோட தோலும் வாலும் செதில் செதிலா ஆச்சு. அதைச் சரி பண்ணினது லினோலிக் அமிலம். அதாவது இப்ப எல்லாரும் திட்டுற அதே ஒமேகா 6. தோல் ஈரத்தைப் பிடிச்சு வைக்க அது வேணும். அழற்சியைத் தூண்டுற சில பொருள்கள் உடம்புல அந்த வகைக் கொழுப்பிலிருந்து உருவாகுதுங்கிறதும் உண்மைதான். அந்த ஆராய்ச்சிக்கு 1982-ல நோபல் பரிசே கொடுத்தாங்க. ஆனா அந்தப் பாதி உண்மையை வச்சு, எண்ணெயை மாத்தினா நோய் போயிடும்னு சொல்றது வியாபாரம்.

மீன் எண்ணெய் கதையும் இப்படித்தான். மீனும் சீலும் தின்னு வாழ்ற கிரீன்லாந்து இனூயிட் மக்கள்கிட்ட சோரியாசிஸ் அரிதுன்னு கவனிச்சாங்க. உடனே மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்துச் சோதிச்சாங்க. 1988-ல வந்த ஒரு ஆய்வுல கொஞ்சம் பலன் தெரிஞ்சது. 1993-ல வந்த இன்னொரு ஆய்வுல, மீன் எண்ணெய் சாப்பிட்டவங்களுக்கும் மக்காச்சோள எண்ணெய் சாப்பிட்டவங்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. எக்ஸிமாவுக்குன்னு ரொம்ப வருஷமா வித்த ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெயையும் 2013-ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, வெறும் போலி மாத்திரையைவிட மேல் இல்லைன்னுதான் தெரிஞ்சது. மத்தி மீன் கிடைச்சா குழம்பு வச்சுச் சாப்பிடுங்க, நல்லது. மருந்துன்னு சாப்பிடாதீங்க.

அப்ப கொழுப்புக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு. எந்த எண்ணெய்ங்கிறதைவிட எவ்வளவுங்கிறதுல இருக்கு. எடை கூடுதலா இருக்கிற சோரியாசிஸ்காரங்க எடையைக் குறைச்சா நோயோட வேகம் குறையுது, மருந்தும் நல்லா கேக்குது. இப்ப யோசிங்க. என் எண்ணெயோ பாக்கெட் எண்ணெயோ, ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். "செக்கு எண்ணெய்தானே, உடம்புக்கு நல்லது"ன்னு மாசம் 2 லிட்டர் வாங்கினவங்க 4 லிட்டர் வாங்குறாங்க. எனக்கு லாபம். உங்க இடுப்புக்கும் தோலுக்கும் நஷ்டம். இதை எந்த எண்ணெய் வியாபாரியும் வீடியோவுல சொல்ல மாட்டான்.

எக்ஸிமாவால வறண்டு கிடக்கிற தோல்மேல தேங்காய் எண்ணெய் தடவினா ஈரம் நிக்கும், அரிப்பு கொஞ்சம் அடங்கும். அது வேற விஷயம். வெட்பாலை தைலம் மாதிரி சித்த மருந்து வேணும்னா படிச்ச சித்த மருத்துவர்கிட்ட போங்க. என்னை மாதிரி கலப்பை பிடிச்சவன்கிட்ட கேக்காதீங்க.

எண்ணெய் விக்கிற அண்ணன் தம்பிங்களுக்கும் ஒண்ணு. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு 2018-லயே விதி வந்தாச்சு. தப்பான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. அதை விடுங்க. நம்ம பொருளுக்கு நல்ல வாசனை இருக்கு, ருசி இருக்கு, பிண்ணாக்கு நம்ம ஊர் மாட்டுக்குப் போகுது, காசு நம்ம ஊருக்குள்ள நிக்குது. இதைச் சொல்லி விக்க முடியாதா? நோயாளியோட பயத்தைப் பிடிச்சுத்தான் விக்கணுமா?

சோரியாசிஸ் வந்தவங்கள்ல பத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு அது மூட்டுக்கும் போகும். கவனிக்காம விட்டா மூட்டு கெட்டுப்போகும், கெட்டது திரும்பாது. அந்தத் தம்பியை மறுநாளே டாக்டர்கிட்ட போகச் சொன்னேன். போனார். வாரம் ஒருமுறை போடுற அந்த மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க. போன வாரம் பேசினார். வீக்கம் குறைஞ்சிருக்காம், ஆனா வலது கை நடுவிரல் இன்னும் முழுசா மடங்கலையாம். "உங்க மேல கோவம் இல்லண்ணா"ன்னார். அவர் கோவப்பட்டிருக்கலாம்.

அந்த வாட்ஸப் செய்தி யாருக்கெல்லாம் போச்சோ, அத்தனை பேருக்கும் 'அது பொய், மாத்திரையை நிறுத்தாதீங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டேன். பாட்டில் லேபிளையும் மாத்தியாச்சு. இனிமே அதுல ரெண்டே வரிதான்: மல்லாட்டை எண்ணெய். சமையலுக்கு.