என்ன ஷிப்டு?

கெலமங்கலம் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்றிருக்கிறீர்களா? தேன்கனிக்கோட்டை தாலுகாவைச் சேர்ந்த ஊர். காற்று சில்லென்று காதைப் பிடிக்கிறது. டீக்கடையில் தெலுங்கு, பெஞ்சியில் கன்னடம், பூக்காரியிடம் தமிழ், பழ வண்டியருகே உருது. போதாததற்கு இப்போது ஹிந்தியும் ஒடியாவும் பேசுகிற பெண்கள் வேறு, கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இத்தனை பாஷைக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி மட்டும் ஒன்றுதான்: “என்ன ஷிப்டு?”

சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்தான். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்கார அம்மாளும் இதைத்தான் கேட்கிறாள். ஏ ஷிப்டு என்றால் விடியுமுன் மோட்டார் போட வேண்டும். சி ஷிப்டு என்றால் பகலில் கிரைண்டர் ஓட்டினால் சண்டை வரும். பாவம், அவள் கவலை அவளுக்கு!

இந்த இங்கிலீஷ் வார்த்தையின் வம்சாவளி வேடிக்கையானது. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் ‘பங்கிடுவது, ஒழுங்குபடுத்துவது’ என்று அர்த்தம். பிறகு ‘மாற்றுவது, நகர்த்துவது’ என்று ஆயிற்று. 17-ஆம் நூற்றாண்டில், மாற்றி மாற்றி உடுத்துவதாலோ என்னவோ, சீமைப் பெண்களின் உள்ளாடைக்கே ‘ஷிப்டு’ என்று பெயர் வந்துவிட்டது. அதுவரை வழங்கிய ‘ஸ்மாக்’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாம். கொஞ்ச காலத்தில் ஷிப்டைச் சொல்லவும் கூச்சம் வந்து, பிரெஞ்சிலிருந்து ‘ஷெமீஸ்’ என்று இரவல் வாங்கினார்கள். நாம் அதை ‘ஷிம்மீஸ்’ ஆக்கிக்கொண்டோம். துணி ஒன்றேதான், பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது.

டைப்ரைட்டிங் படித்த சகோதரிகளுக்கு இன்னொரு ஷிப்டு ஞாபகம் வரும். 1878-ல் வந்த ரெமிங்டன் இரண்டாம் நம்பர் யந்திரத்தில்தான் அந்தக் கட்டை முதலில் வந்தது. அதற்கு முந்திய யந்திரம் பெரிய எழுத்துக்களை மட்டுமே அடித்தது. கட்டையை அமுக்கினால் காகித உருளையே இடம் நகரும். ஆகையால் அந்தப் பெயர். இன்று கைப்பேசியில் எதுவும் நகர்வதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நம் வீடுகளில் இதற்கு வேலை இன்னும் அதிகம். வீட்டை ஷிப்டு பண்ணுகிறோம். ஐ.சி.யூ.விலிருந்து மாமாவை வார்டுக்கு ஷிப்டு பண்ணிவிட்டார்கள் என்று கேட்டதும் சுவாமிக்கு விளக்கேற்றுகிறோம். அவ்வளவு நல்ல செய்தி அந்த ஒரு சொல்லுக்குள்!

தமிழில் சொல் இல்லையா என்றால், இருக்கிறது. ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சியவர்கள்தானே நாம்! எல்லைக்கு அப்பால் கன்னடப் பத்திரிகைகள் ‘பாளி’ என்று எழுதுகின்றன. ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் ‘என்ன முறை?’ என்று கேட்டால் உறவுமுறை கேட்பதாக நினைத்துவிடுவார்கள்!

ஓசூர்ப் பக்கம் 1980-களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யத் தொடங்கியபோது, ராத்திரி ஷிப்டு என்பது ஆண்கள் சமாசாரம். 1948-ஆம் வருஷத்து ஃபாக்டரிச் சட்டப்படி, பெண்கள் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான் ஆலையில் வேலை செய்யலாம். சர்க்கார் தயவு பண்ணித் தளர்த்தினாலும் இரவு 10 முதல் காலை 5 வரை கூடவே கூடாது. பெண் என்பதற்காக மட்டும் இப்படித் தடுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிவிட்டது. பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் தர வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்போ, இரவு வேலைக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும் என்கிறது.

சட்டம் சம்மதித்தாலும் உடம்பு சம்மதிக்க வேண்டுமே! உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2007-லேயே, உடம்பின் இரவு-பகல் கணக்கைக் குலைக்கும் ஷிப்டு வேலையைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வரிசையில் சேர்த்துவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான், ராத்திரி வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பது வயசிருக்கும்.

“போய்த் தூங்குவீர்களா?”

“தூக்கமா? சின்னவளுக்கு டிபன் கட்டணும், ஸ்கூல் வேன் ஏத்தணும். பத்து மணிக்குப் படுத்தா ஒரு மணிக்குத் தண்ணி வந்துடும். குடத்தோட எந்திரிக்கணும் அக்கா.”

“வீட்டுக்காரருக்கு?”

“ஜெனரல் ஷிப்டு. நைட்டு வந்து படுத்தார்னா காலையிலேதான்.”

அமெரிக்காவில் ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற சமூகவியல் பேராசிரியை, வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பிச் செய்யும் வேலைகளைப் பற்றி 1989-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘இரண்டாவது ஷிப்டு’. கெலமங்கலத்துப் பெண் அதைப் படித்திருக்க நியாயமில்லை. குடம் தூக்கவே நேரம் சரியாயிருக்கிறது.

“அப்படியானால் சி ஷிப்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாமே?” என்று பெரிய புத்திசாலிபோல் கேட்டேன்.

“ஐயோ, அது வேணும் அக்கா! பி ஷிப்டுதான் ஆகாது. பாப்பா ஸ்கூல் விட்டு வர்றப்ப நான் கம்பெனியிலே. நான் வர்றப்ப அது தூங்கிப் போயிருக்கும். சி ஷிப்டுன்னா சாயந்திரம் பூரா என் மடியிலேதான் உட்காந்து படிக்கும்” என்றாள்.

நான் தயார் செய்து வைத்திருந்த அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அவளும் நிற்கவில்லை. ஏழரைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடுமாம்.