இது லினக்ஸில் ஓடுமா?



நம் கம்ப்யூட்டர் லேபுக்கு வைஃபை அடாப்டர்கள் வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் கடையில் விலை கேட்பதற்கு முன்னால், "இது லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

"எதுக்குப்பா இந்த வம்பு?" என்று சிலர் சிரிக்கலாம். டயல்-அப் மோடம் காலத்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். வீட்டு டெலிபோன் ஒயர்தான் வழி. மோடம், கம்ப்யூட்டர் தகவலைச் சத்தமாக மாற்றி போனில் அனுப்பும். எதிர்முனை மோடம் அதை மறுபடி தகவலாக்கும். அதிகபட்ச வேகமே நொடிக்கு 56 கிலோபிட், அதாவது 7 கிலோபைட்! 5 எம்.பி. பாட்டு ஒன்று இறங்க 12 நிமிஷம். அதுவரை வீட்டுக்கு யார் போன் செய்தாலும் எங்கேஜ்டுதான்.

என் சித்தப்பா 2004ல் திருமுல்லைவாயில் வீட்டில் லினக்ஸ் போட்டார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மோடம் கார்டு விண்டோஸில் ஒழுங்காக டயல் செய்தது. லினக்ஸிலோ மோடமே இல்லை என்று வந்தது. காரணம் என்ன தெரியுமா? அது பாதி மோடம். மீதி வேலையை விண்டோஸ் டிரைவர் செய்யும். 'வின்மோடம்' என்று இதற்குப் பெயர். சிப்பு குறைவு, அதனால் விலையும் குறைவு. (அந்த விலையால்தான் பல வீடுகளுக்கு இணையமே வந்தது, அதையும் சொல்லணும்.) ஆனால் உள்விவரத்தைப் பல கம்பெனிகள் வெளியே தரவில்லை. விவரம் தெரியாமல் லினக்ஸ்காரர்கள் எப்படி டிரைவர் எழுதுவார்கள்?

சில மாடல்களுக்கு டிரைவர் இருந்தது. அதை இணையத்திலிருந்து இறக்கணும். இணையத்துக்கு மோடம் ஓடணும். மோடம் ஓட டிரைவர் வேணும்! சித்தப்பா பிரவுசிங் சென்டருக்குப் போய் பிளாப்பியில் ஏற்றி வந்தார். அவருடைய லினக்ஸ் கெர்னலுக்கு அது ஒத்துவரவில்லை. மறுபடி போனார்.

கடைசியில் ஒரு பழைய வெளி மோடம் கிடைத்தது. சீரியல் போர்ட்டில் மாட்டும் முழு மோடம் அது. ஏ.டி. என்று தொடங்கும் கட்டளைகளுக்குப் பதில் சொல்லும். எந்த சிஸ்டம் கேட்கிறது என்று பார்க்காது. 'டபிள்யூ.வி.டயல்' என்ற புரோகிராம் அதைத் தானே கண்டுபிடித்தது. போன் நம்பர், யூசர்நேம், பாஸ்வேர்டு, மூன்று வரி. அவ்வளவுதான், கீஈஈ என்று கத்திக்கொண்டு இணையம் வந்துவிட்டது.

டயல்-அப் கிட்டத்தட்ட போய்விட்டது. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். கம்பெனிகூட 2025 செப்டம்பரோடு நிறுத்திவிட்டது. ஆனால் அந்தப் பாதி மோடத்தின் தம்பிகள் இன்னும் கடையில் இருக்கிறார்கள். சில வைஃபை அடாப்டர்களை லினக்ஸில் மாட்டினால், "நான் ஒரு சிடி டிரைவ்" என்று சொல்லும்! உள்ளே இருப்பது விண்டோஸ் டிரைவர் மட்டும். நாம் பிளாப்பி தூக்க வேண்டாம், போனை யு.எஸ்.பி.யில் மாட்டி நெட் எடுத்து டிரைவரை இறக்கலாம். ஆனால் லேபில் இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இதை யார் செய்வது? கெர்னல் அப்டேட் ஆனால் சிலதில் மறுபடி முதலிலிருந்து.

2018ல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் உபுண்டு பாடமே இருக்கிறது. பாடம் உபுண்டு, வாங்குகிற பொருள் விண்டோஸுக்கு மட்டும் என்றால் என்ன நியாயம்? புது விண்டோஸ் ஏறாத பழைய கம்ப்யூட்டர்களும் லேபில் நிற்கின்றன. லினக்ஸ் போட்டால் அவை இன்னும் சில வருஷம் உழைக்கும், நெட் வந்தால்.

கடைக்காரர் "எல்லாத்துலயும் ஓடும் தம்பி" என்பார். நம்ப வேண்டாம். உபுண்டு ஏற்றிய பென்டிரைவைக் கொண்டுபோய், அங்கேயே ஒரு கம்ப்யூட்டரை அதிலிருந்து பூட் செய்து, அடாப்டரை மாட்டிப் பார்க்கலாம். இன்ஸ்டால்கூட வேண்டாம், பத்து நிமிஷ வேலை. ஒன்று மட்டும் முதலில் வாங்கி சோதித்துவிட்டு மீதியை வாங்கினாலும் சரி. பென்டிரைவ் என்னிடம் தயாராக இருக்கிறது. கடைக்குப் போகும் அன்று சார் சொன்னால் போதும், கூடவே வருகிறேன்.