ஜாயின்ட் அக்கவுன்ட்

போன வாரம் ஒரு பாங்க்கில் செக்கை நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்தவர் நிமிராமலே திருப்பித் தள்ளி, ''இன்னொரு கையெழுத்து எங்கே சார்?'' என்றார். ஜாயின்ட் அக்கவுன்ட். மனைவி கையெழுத்து இல்லாமல் என் கையெழுத்துக்கு மதிப்பு கிடையாது. (வீட்டில் ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான்.)

வெளியே வந்து டீயும் பன்னும் சாப்பிட்டேன். அந்தப் பன்னை உப்ப வைத்த ஈஸ்ட்டுக்குள்ளும் இதே சட்டம்தான்.

ஈஸ்ட் ஒரே ஒரு செல். உள்ளே சுமார் ஆறாயிரம் ஜீன்கள். எல்லாம் எப்போதும் விழித்திருப்பதில்லை. வேண்டியபோது யாராவது தட்டி எழுப்பி, 'ஆர்.என்.ஏ. பிரதி எடு' என்று சொல்ல வேண்டும். அமினோ அமிலங்களுக்குப் பஞ்சம் வந்தால் தட்டுகிற ஆசாமியின் பெயர் ஜி.சி.என்.4. 281 அமினோ அமிலங்கள் கோத்த புரோட்டீன். 'வெளியே கிடைக்கவில்லை, சொந்தமாகத் தயாரி' என்று நூற்றுக்கணக்கான ஜீன்களுக்கு உத்தரவு போடும்.

ஆனால் தனியாகப் போனால் செல்லாது. இன்னொரு ஜி.சி.என்.4 கூட வர வேண்டும். இரண்டும் வால் பக்கம் ஒட்டிக்கொண்டு, இடுக்கி மாதிரி டி.என்.ஏ.வைப் பிடிக்கின்றன.

எப்படி ஒட்டுகின்றன? வால் பகுதியில், காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை மாதிரி, ஏழு இடத்துக்கு ஒரு லூசின். மொத்தம் நாலு. லூசின் தண்ணீருக்கு ஆகாத அமினோ அமிலம். சங்கிலி ஸ்பிரிங் போலச் சுருளும்போது ஏழு இடம் என்பது ஏறக்குறைய இரண்டு சுற்று. அதனால் நாலு லூசினும் ஒரே பக்கம் வந்து நிற்கின்றன. செல் முழுக்கத் தண்ணீர். ஒதுங்க இடம், எதிரே இதே அவஸ்தையில் நிற்கும் இன்னொருவரின் லூசின் வரிசைதான். ஒட்டிக்கொள்கிறார்கள்.

1988-ல் அமெரிக்காவில் ஸ்டீவன் மெக்நைட் குழு இதற்கு 'லூசின் ஜிப்பர்' என்று பெயர் வைத்தது. பேன்ட் ஜிப் பற்கள் போல மாறி மாறிக் கோத்துக்கொள்ளும் என்று ஊகம். 1991-ல் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்த்தால் அப்படி இல்லை. இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, லூசினுக்குப் பக்கத்தில் லூசின். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஈஸ்ட் வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்கிறீர்களா? 'ஜூன்' என்று ஒரு புரோட்டீன். கோழிக்குப் புற்றுநோய் தரும் 17-ம் நம்பர் வைரஸில் அகப்பட்டது. ஜப்பானிய மொழியில் 17 'ஜூனானா'. அதன் சாது வடிவம் நம் செல்களிலும் உண்டு. 1987-ல் கெவின் ஸ்ட்ரூல், ஜி.சி.என்.4-ன் டி.என்.ஏ. பிடிக்கும் பகுதியை எடுத்துவிட்டு ஜூனுடையதை ஒட்டினார். ஈஸ்ட் வித்தியாசம் பார்க்காமல் வேலை செய்தது.

கூட்டாளி முறையில் ஒரு ஆபத்து. பாதிப் பேர் பழுது என்றால் நல்ல ஜோடி பாதி கிடைக்காது, கணக்குப்படி கால்வாசிதான். புற்றுநோயைத் தடுக்கும் பி53 நாலு பேராகச் சேர்ந்து வேலை செய்கிற புரோட்டீன். அங்கே அதே கணக்கு பதினாறில் ஒன்று. இரண்டு ஜீன் பிரதிகளில் ஒன்று கெட்டாலே, நல்லதன் உழைப்பும் பெருமளவு வீணாகலாம்.

மனைவி கடைசியில் கையெழுத்துப் போட்டாள். எதற்குப் பணம் என்று மூன்று முறை கேட்ட பிறகு.