டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகள்

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடம் நசுங்கிய ஒருவர் சிதம்பரம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ வந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எலும்பை நிமிர்த்தி, கம்பியும் திருகும் போட்டு, சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்புகிறோம். அதுவரை அவர் நம் நோயாளி. அவருக்குக் கேஸ் ஷீட் உண்டு, எம்.ஆர்.ஐ. உண்டு, காயத்தின் கடுமையைச் சொல்லும் ஏஷியா தரம் உண்டு. அதன்பின் அவர் யார் கணக்கிலும் இல்லை. பிட்டத்தில் எலும்பு தெரியும் படுக்கைப்புண்ணோடும் குளிர்காய்ச்சலோடும் திரும்பி வந்தால் மறுபடி நம் கணக்கில் ஏறுவார். வராமலே போய்விட்டால் என்ன ஆனார் என்பது அவர் தெருவுக்குத்தான் தெரியும். தண்டுவடக் காயத்துக்கான சிகிச்சை ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை அந்தத் தெருவை எட்டிப் பார்த்ததில்லை.

முதல் சில மணி நேரத்தைப் பற்றி நாம் நிறையவே படித்திருக்கிறோம். 1990-இல் வந்த நாசிஸ் இரண்டாம் ஆய்வு, எட்டு மணி நேரத்துக்குள் மெத்தில்பிரெட்னிசலோன் கொடுத்தால் பயன் உண்டு என்றது. உடனே கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்பது மனப்பாடமாயிற்று. 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் அதை வேண்டாம் என்றன. 2017-இல் ஏஓஸ்பைன் வழிகாட்டி, விரும்பினால் தரலாம் என்ற அளவில் அதைத் திரும்ப உள்ளே விட்டது. ரிலுசோல் என்ற மருந்தை நம்பியவர்களுக்கு 2023 ஏமாற்றத்தைத் தந்தது. அறுவையின் நேரம் பற்றிப் பேசினால் இன்றும் 2012-இன் ஸ்டாசிஸ் ஆய்வுதான் முன்னால் வருகிறது. கழுத்துப் பகுதிக் காயத்தில் 24 மணி நேரத்துக்குள் அழுத்தம் நீக்கப்பட்டவர்களில் 19.8 விழுக்காட்டினர் இரண்டு தரமாவது முன்னேறினார்கள், தாமதமானவர்களில் 8.8 விழுக்காட்டினர். கருத்தரங்க மேடைகளில் இந்த இரண்டு எண்களும் ஒலிக்கின்றன. அதே கட்டுரையிலுள்ள வேறிரண்டு எண்களை யாரும் சொல்வதில்லை. ஆய்வில் சேர்ந்தவர்கள் 313 பேர். ஆறாம் மாதத்தில் கையில் கிடைத்தவர்கள் 222 பேர். வட அமெரிக்காவின் பெரிய மையங்களே ஆறு மாதத்துக்குள் இத்தனை பேரைத் தவறவிட்டிருக்கின்றன.

ஸ்டெம் செல் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். டெல்லியின் இந்திய முதுகுத்தண்டு காய மையம் 2016-இல் வெளியிட்ட எலும்பு மஜ்ஜை உயிரணு ஆய்வு, புதிதாகக் காயம்பட்ட சிலரிடம் மட்டும் செய்த சிறு முன்னோட்டம். அதில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. 2017-இன் ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைப்படி இந்தச் சிகிச்சை ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் அதற்குக் காசு வாங்கவும் கூடாது. நிலத்தை விற்றுக்கொண்டு வரும் குடும்பத்திடம் இதைச் சொல்லாமல் இருப்பது நம் தொழிலுக்கு அழகல்ல.

நம் மாநிலத்திலேயே வேறு வகை ஆய்வுக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தார். பின்னர் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. அவரை நினைவுகூரும்போதெல்லாம் மன உறுதியைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். அந்த நிறுவனம் பழைய நோயாளிகளை ஆண்டுதோறும் மறுவாழ்வு மேளாவுக்கு அழைத்துப் பரிசோதிப்பதும், அவர்களை விடாமல் பின்தொடர்வதும் அதைவிடப் பெரிய செய்தி. அந்தப் பின்தொடர்தலிலிருந்துதான் 2014-இன் வேலூர் ஆய்வு பிறந்தது. 1981 முதல் 2011 வரை சிகிச்சை பெற்ற 490 பேரில் ஐந்து ஆண்டுக்குப்பின் உயிரோடிருந்தவர்கள் 86 விழுக்காடு, 15 ஆண்டுக்குப்பின் 71, 25 ஆண்டுக்குப்பின் 58. இந்த நாட்டில் இந்தக் காயத்தோடு நெடுநாள் வாழ முடியும் என்பதற்குக் கைவசமுள்ள நல்ல சான்று இதுதான்.

ஆனால் பின்தொடர்ந்ததால்தான் பிழைத்தார்கள் என்று அந்த எண்கள் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப் பிரிவு இல்லை. தொடர்பில் இருக்க முடிந்தவர்கள் தொடக்கத்திலேயே கொஞ்சம் வசதியானவர்களாக இருந்திருக்கலாம். முறையான சோதனை வங்கதேசத்தின் சாவாரில் நடந்தது. சக்கர நாற்காலியோடு வீடு திரும்பிய 410 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு இரண்டு ஆண்டில் 36 தொலைபேசி அழைப்புகள், மூன்று வீட்டு வருகைகள் என்று ஏற்பாடு செய்தார்கள். இறப்பில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் படுக்கைப்புண் உள்ள 120 பேரிடம் 12 வாரம், வாரம் ஒரு அழைப்பு என்று நடந்த 2017-இன் ஆய்விலும் புண்ணின் அளவு 2.3 சதுர சென்டிமீட்டர்தான் கூடுதலாகக் குறைந்தது. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற எல்லைக்குள் விழுந்தது. மற்ற பல அளவைகள் மட்டும் அழைப்புக்குச் சாதகமாக இருந்தன.

நமக்கு இது கசக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகும் என்றுதான் நம்மில் பலர் நம்புகிறோம், நானும் உட்பட. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கச் சொல்வது எளிது. மனைவி நூறு நாள் வேலைக்குப் போன பகலில் புரட்டிவிட வீட்டில் ஆள் வேண்டும். கரண்ட் போனால் காற்றுப் படுக்கை தட்டையாகிவிடும். சுத்தமான குழாயை அவ்வப்போது செருகிச் சிறுநீரை எடுத்தாலே போதும், கிருமிநீக்கம் தேவையில்லை என்று 1972-இல் லாப்பிடிஸ் காட்டியது கிராமத்துக்கென்றே அமைந்த முறை. ஆனால் அந்தக் குழாய் மருந்துக்கடையில் தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஆலோசனை மட்டும் போதாது என்பதே அந்த இரு ஆய்வுகளின் பாடம் என்று நான் படிக்கிறேன். பொருளும் ஆளும் சேர்ந்தால் பலன் மாறுமா என்பதை இங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கான சாலை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்துக்கு, அதுவும் முதல் 48 மணி நேரத்துக்கு. தென்னையிலிருந்து விழுந்தவருக்கு அது பொருந்தாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அப்படியல்ல. அதன் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடிப் போகிறார்கள். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் கோயிலின் பூவராகரே கிள்ளைக் கடற்கரைவரை போய்வருகிறார். ஆய்வாளர்கள் அந்தப் பிசியோதெரபிஸ்டுகளோடு ஸ்ரீமுஷ்ணம்வரை போனால் குறைந்துவிட மாட்டார்கள். கடலூர் மாவட்டம் ஒன்றில் மட்டும் போதுமான நோயாளிகள் கிடைக்கமாட்டார்கள். ஏழெட்டு மாவட்டங்கள் சேர வேண்டும். காயத்தின் தரம், டிஸ்சார்ஜ் தேதி, குடும்பத்தின் இரண்டு தொலைபேசி எண்கள் அடங்கிய பொதுப் பதிவேடு முதலில் வேண்டும். மருந்தோ மின்தூண்டலோ புதிதாக வரும்போது அதைச் சோதிக்கவும் இதே பதிவேடு உதவும்.

ஆசிரியர் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. அடுத்த ஆண்டிலிருந்து தண்டுவடக் காயச் சிகிச்சை பற்றி இந்த இதழுக்கு வரும் எந்தக் கட்டுரையும், டிஸ்சார்ஜாகி இரண்டு ஆண்டுக்குப்பின் நோயாளிகளில் எத்தனை பேர் வீட்டில் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப்புண், எத்தனை பேரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற கணக்கைச் சேர்த்தே வர வேண்டும். ஓராண்டுக் கணக்கு இருந்தாலும் ஏற்போம். கணக்கே இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவோம்.