காசு கொடுத்து வாங்கின கருவி எத்தனை வருஷம் உழைக்கணும்?

1/ 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிஞ்சு போச்சு. நிறைய பழைய கணினிகள்ல விண்டோஸ் 11 ஏறாது. "அதுக்கென்ன டாக்டர், லினக்ஸ் போட்டுக்கலாமே" என்பீங்க. தாராளமா போடலாம். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், பாதுகாப்பு அப்டேட்டும் வரும். சிக்கல் கணினியில் இல்லை. அதில் செருகியிருக்கும் கருவியில் இருக்கு.

2/ ஒரு சின்ன கிளினிக்கை எடுத்துக்கோங்க. பிரிண்டர், ஸ்கேனர், யுஎஸ்பி இசிஜி, பல் எக்ஸ்ரே சென்சார். ஒவ்வொன்றும் கணினியோட பேசுவதற்கு டிரைவர் என்ற மென்பொருள் வேணும். பல கம்பெனிகள் அதை விண்டோஸுக்கு மட்டும் எழுதிட்டுக் கையைக் கழுவிடுது. கருவி பத்து வருஷம் உழைக்கும். டிரைவர் அதற்கு முன்பே செத்துடும்.

3/ அப்புறம் இரண்டே வழிதான். நல்லா இருக்கிற கருவியைக் குப்பையில் போடணும். இல்லைன்னா அப்டேட் வராத கணினியிலேயே நோயாளிகளின் விவரங்களை வெச்சுக் காலத்தை ஓட்டணும்.

4/ இரண்டாவது வழி எங்கே கொண்டுபோய் விடும்? 2017 மே மாதம் வான்னாக்ரை தாக்குதலில், அப்டேட் செய்யாத விண்டோஸ் கணினிகளால் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல முடங்கின. 19,000-க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்பது அந்நாட்டின் மதிப்பீடு. ஆக, இது கம்ப்யூட்டர் பைத்தியங்களோட பிரச்சனை மட்டும் இல்லைங்க.

5/ "லினக்ஸ்ல இருக்கிறவங்க ரொம்பக் கம்மி, செலவு கட்டுப்படியாகாது" என்பது கம்பெனிகளின் வழக்கமான பதில். ஆனா 2007-லேயே லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் வெளிப்படையாக ஒரு அழைப்பு விடுத்தார். கருவியின் தொழில்நுட்ப விவரத்தைக் கொடுத்தால் போதும், டிரைவரை இலவசமாகவே எழுதித் தருகிறோம் என்பதுதான் அது. ரகசிய ஒப்பந்தம் வேணும்னாலும் சம்மதம் என்றார்.

6/ மருந்து அட்டையைத் திருப்பிப் பாருங்க. உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். அதனாலதான் இந்தக் கடையில் அந்த பிராண்ட் இல்லைன்னா வேறு பிராண்டை வாங்க முடியுது. கருவியிடமும் நாம கேட்கிறது இவ்வளவுதான். அதோட எப்படிப் பேசணும்னு சொல்லிடுங்க. உங்க தொழிற்சாலை ரகசியம் எங்களுக்கு வேண்டாம்.

7/ செய்யக்கூடியதுதான். எச்பி தன் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவரை வருஷக்கணக்கா கொடுத்துட்டு வருது. 2007-ல் ஏஎம்டி தன் கிராபிக்ஸ் சிப்புகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. ரொம்ப காலம் முரண்டு பிடித்த என்விடியாவும் 2022-ல் தன் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்தது. யாரும் கடையை மூடிடலை.

8/ ஒரு எச்சரிக்கை. பிரிண்டருக்குத் தன்னார்வலர் எழுதின டிரைவர் போதும். நோயைக் கண்டுபிடிக்கிற இசிஜி மாதிரிக் கருவிக்கு அது போதாது. அங்கே கம்பெனியே சோதித்து, பொறுப்பேற்றுத் தரணும். அதுவரைக்கும் பதிவுகளையாவது எந்தக் கணினியிலும் திறக்கிற வடிவத்தில் கொடுக்கணும்.

9/ நீங்க என்ன செய்யலாம்?
• வாங்கும் முன்பே "லினக்ஸ்ல வேலை செய்யுமா?" என்று கடைக்காரரிடம் கேளுங்க.
• கம்பெனிக்கு மரியாதையா ஒரு மின்னஞ்சல் போடுங்க. மாடல் எண், உங்க லினக்ஸின் பெயர், எது வேலை செய்யலை என்ற மூன்றும் இருக்கட்டும். திட்டினால் பதில் வராது.
• வேலை செய்கிற கருவிக்கு நல்ல ரிவ்யூ எழுதுங்க. அடுத்தவருக்கு உதவும்.

10/ மருத்துவமனை, கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் தனியா ஒரு வேண்டுகோள். தனி ஆள் அனுப்பும் மின்னஞ்சலைக் கம்பெனி கண்டுக்காமல் விடலாம். ஐம்பது கருவிக்கான டெண்டரில் "லினக்ஸ் ஆதரவு கட்டாயம்" என்று ஒரு வரி இருந்தால் விடவே முடியாது. தமிழ்நாட்டு அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு நம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்ததே, ஞாபகம் இருக்கா? மொத்தமா வாங்குபவர் கேட்டால் கொடுப்பாங்க.

11/ அந்த ஒரு வரியை எழுத உங்களுக்குச் செலவே இல்லை. அடுத்த கொள்முதலுக்கு முன்னாடி எழுதிடுங்க.